கால் வைக்க இடம்

என் கணவர் அனந்தகிருஷ்ணன் ஒரு விஞ்ஞானி. இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்லுவார். டிராம்பே பக்கம் ஆராய்ச்சி நிலையத்தில் குழாய்களுக்குள் வெந்நீர் எப்படி ஓடுகிறது என்று பார்க்கிற உத்தியோகம். எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் ஏன் ஓடவில்லை என்று கேட்டால், அது முனிசிபாலிட்டி விஷயம் என்று பேப்பரைத் தூக்கிக்கொள்வார்.

மாட்டுங்காவில் எங்களுக்கு இருந்தது ஓர் அறையும் அடுக்களையும். அந்த அறையில் என் மாமியார் அபயாம்பாள், சி.ஏ. பரீட்சையைப் பல வருஷமாக எழுதிக்கொண்டிருந்த மைத்துனன் பஞ்சு, ஒரு பீரோ, ஒரு தையல் மிஷின், கடைசியாக நாங்கள் இருவர். எங்கள் ஊரான பாலக்காட்டிலிருந்து வேலை தேடி வருகிறவர்கள், ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள், சும்மா ஊர் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் பீரோவுக்கு முன்னால் படுத்துக்கொள்வார்கள். அடுக்களையில் நான் அவரிடம் மெதுவாக ஒரு கேள்வி கேட்டால் அறையிலிருந்து மாமியார் பதில் சொல்வார். அணுசக்தி நகரில் ஆபீஸ் குவார்ட்டர்ஸுக்கு எழுதிப் போட்டிருந்தோம். அந்த வரிசை நகர்ந்த அழகைப் பார்த்தால் எங்கள் பேரப்பிள்ளைகள்தான் அங்கே பால் காய்ச்சுவார்கள் என்று தோன்றியது. பேரப்பிள்ளைகள் வர வேண்டுமானால் முதலில் நாங்கள் இரண்டு பேரும் கொஞ்சம் தனியாக இருக்க வேண்டும் என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

ஆகவே எங்கள் கல்யாண வாழ்க்கை முழுவதும் கிங்ஸ் சர்க்கிளுக்கும் செம்பூர் நாகா நாற்சந்திக்கும் நடுவில், ஒரு மோட்டார் சைக்கிளின் மேல்தான் நடந்தது. செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர். காலையில் என்னை அங்கே இறக்கிவிட்டு அவர் டிராம்பேக்குப் போவார். அவருடைய ஆபீஸில் மற்றவர்களெல்லாம் ஸ்டாஃப் பஸ்ஸில் போனார்கள். இவருக்கு ஸ்டாஃப் பஸ் என்றால் இளக்காரம். முந்நூற்றைம்பது சிசி, இரட்டை சிலிண்டர், உறுமினால் எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடி வரை பாத்திரம் ஆடும். அப்படி ஒரு வண்டி வைத்திருப்பவன் பஸ்ஸில் போவானா?

எனக்கு வண்டியின் சிசி பற்றிக் கவலையில்லை. அதன் பின் சீட்டுதான் எனக்கு முக்கியம். இடது பக்கம் இரண்டு காலையும் தொங்கப்போட்டு, புடவையை ஒதுக்கி, அவர் தோளில் கை வைத்து உட்கார்ந்தேனானால் உலகத்தில் யாரும் எங்கள் பேச்சுக்குப் பதில் சொல்ல முடியாது. சயான் வரைக்கும் அவர் ஆபீஸ் கதை. சயான் தாண்டினால் என் பள்ளிக்கூடத்துக் கதை. சுனாபட்டி சிக்னலில் சண்டை பிடிப்போம். குர்லா திரும்பும் இடத்துக்குள் சமாதானமும் ஆகிவிடும். ஒரு தடவை சிக்னலில் சிவப்பு விழாமல் போய், பாதிச் சண்டையோடு இறங்கி, அன்றைக்கு முழுவதும் வகுப்பில் பிள்ளைகளைத் திட்டித் தீர்த்தேன்.

கல்யாணத்துக்கு முன் அந்த வண்டியில் பெண்கள் உட்கார எந்த வசதியும் கிடையாது. நிச்சயதார்த்தம் ஆன மறுநாளே அவர் தாராவிக்குப் போய் கரீம் பாட்சாவின் பட்டறையில் ஒரு சாரி கார்டும், இரண்டு பாதமும் சேர்ந்து நிற்கிற மாதிரி ஒரு புட்ரெஸ்டும் செய்து மாட்டிக்கொண்டு வந்தாராம். பஞ்சு இதைச் சொன்னபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் எனக்குப் பூ வாங்கித் தந்ததில்லை, பிறந்த நாள் நினைவிருந்ததில்லை. போகட்டும், புடவை சக்கரத்தில் மாட்டிக்கொள்ளும் என்று ஒருநாள் கவலைப்பட்டிருக்கிறார். அது போதும் என்று நானும் அல்பமாகச் சந்தோஷப்பட்டேன்.

அந்தச் சந்தோஷத்தில் மண் போட்டது ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை.

ஜப்பானில் நாலு பெரிய கம்பெனியும் டர்போ வைத்த மோட்டார் சைக்கிள் விற்கிறார்கள் என்று அதில் போட்டிருந்ததாம். வண்டி விடுகிற புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றும். அந்தச் சக்கரம் காற்றை வாரி எஞ்சினுக்குள் திணிக்கும். அதிகக் காற்று, அதிகப் பெட்ரோல், அதிக வேகம். தான் விட்ட புகையிலேயே தனக்கு முறுக்கு ஏற்றிக்கொள்வது எங்கள் வீட்டு ஆண்களுக்கு ஒன்றும் புதிதல்ல என்று நான் நினைத்துக்கொண்டேன். அந்தப் பத்திரிகை கப்பலில் வந்து, ஆபீஸ் லைப்ரரியில் முத்திரை வாங்கி, பெரியவர்கள் மேஜைகளையெல்லாம் சுற்றி இவர் கைக்கு வருவதற்குள் எண்பத்தாறாம் வருஷம் பிறந்துவிட்டது. ஜப்பான்காரன் அதற்குள் டர்போ மோட்டார் சைக்கிளே வேண்டாம் என்று மூட்டை கட்டி வைத்துவிட்டான். அந்தச் செய்தி வந்த இதழ் இன்னும் ஏதோ கடலில் மிதந்துகொண்டிருந்தது.

"நம்ம வண்டிக்கும் ஒண்ணு வைக்கப் போறேன், கேட்டியா ராஜம்" என்றார் ஒரு நாள் சயான் சர்க்கிளில்.

"என்னத்துக்கு? இப்பவே எல்லாரையும் தாண்டிண்டுதானே போறோம்."

"தாண்டறது வேற. பறக்கறது வேற."

முன்னால் ஒரு கைவண்டி, பக்கத்தில் இரண்டு டபுள் டெக்கர், எங்கள் முன் சக்கரத்தை முகர்ந்துகொண்டு ஒரு எருமை. பறக்க எந்தப் பக்கம் வழி இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை.

அவருடைய ஆபீஸில் எதையும் ஒருவர் தனியாகச் செய்துவிட முடியாது. ஒரு வால்வை மாற்றுவதென்றாலும் ரெவ்யூ கமிட்டி உட்கார வேண்டும். அந்தப் பழக்கத்தில் என் கணவர் டர்போவுக்கும் ஒரு ரெவ்யூ கமிட்டி வைத்தார். மகாதேவன் என்கிற நண்பர் தலைவர், இன்னும் இரண்டு பேர் அங்கத்தினர், நாலாவது இவர். சனிக்கிழமை சனிக்கிழமை அணுசக்தி நகரில் மகாதேவன் வீட்டில் கூடினார்கள். மகாதேவனின் மனைவி பாகீரதி வடை போட்டாள். சூடு எவ்வளவு தாங்கும், பேரிங் எவ்வளவு சுற்றும், எண்ணெய் எந்த வழியாகப் போகும், அதிர்வில் எந்த போல்ட் கழலும் என்று அலசித் தள்ளினார்கள். நாலு பேரும் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள். நாலு பேருக்கும் கல்யாணமாகியிருந்தது. நாலு பேருடைய மனைவிகளும் வண்டியில் இடது பக்கமாகக் கால் போட்டு உட்காருகிறவர்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

செய்து கொடுக்கிற வேலை கரீம் பாட்சாவுக்கு. அவர் கடையநல்லூர்க்காரர். தோல் பை தைக்கிறவர்களுக்கு அச்சு அடித்துக் கொடுக்கிற பட்டறை அவருடையது. லேத் இருந்தது, வெல்டிங் இருந்தது. முடியாது என்ற சொல் மட்டும் அந்தப் பட்டறையில் இல்லை. "படத்த மட்டும் போட்டுக் குடுங்க சார், செஞ்சிருவோம். அதுக்கென்ன" என்றார். டர்போ என்றால் என்ன என்று அப்போது அவருக்குத் தெரியாது. தெரிந்த பிறகு இவரை விட அவருக்குப் பித்து அதிகமாகிவிட்டது. குர்லாவில் பழைய இரும்புக் குவியலில் ஏதோ ஜப்பான் காரிலிருந்து கழற்றிய டர்போ ஒன்றைத் தேடி எடுத்தார். அதற்கு எண்ணெய் கொடுக்க வண்டியில் வழி இல்லையென்று தெரிந்ததும் தனியாக ஒரு பம்ப் வைத்தார். எண்ணெய் நிரப்ப நல்லெண்ணெய் டின் ஒன்றை எங்கள் அடுக்களையிலிருந்தே என் கணவர் எடுத்துக்கொண்டு போனார். வேலை பாதி முடிவதற்குள் பட்டறைப் பலகையை 'கரீம் டர்போ ஒர்க்ஸ்' என்று மாற்றி எழுதிவிட்டார் மனிதர்.

வண்டி தாராவியில் கிடந்த நாட்களில் நான் பஸ்ஸில் போனேன். கொஞ்ச நாள்தானே என்று பொறுத்துக்கொண்டேன். பேச வேண்டியதையெல்லாம் மனதுக்குள் வரிசையாக அடுக்கிவைத்தேன்.

வண்டி வந்த அன்று காலை நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். கட்டடத்தில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்க நின்றார்கள். "மன்னி, ஏக்தம் மஸ்த்!" என்று ஹிந்தியில் வியந்தான் பஞ்சு. வண்டியின் இடது பக்கம் பின் சக்கரத்தை ஒட்டி நத்தை வடிவத்தில் கறுப்பாக ஓர் இரும்பு. அதிலிருந்து முன்னாலும் பின்னாலும் குழாய்கள், அவற்றின் மேல் வெள்ளையாக ஆஸ்பெஸ்டாஸ் கயிறு, ஏதோ அடிபட்டவனுக்குக் கட்டுப் போட்ட மாதிரி. சாரி கார்டைக் காணோம். புட்ரெஸ்டைக் காணோம்.

"ஏன்னா, கால் எங்கே வைக்கறது?" என்று கேட்டேன்.

அவர் சக்கரத்தைப் பார்த்தார். என் பாதங்களைப் பார்த்தார். மறுபடி சக்கரத்தைப் பார்த்தார்.

"அட" என்றார்.

அந்த 'அட'வை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. வலது பக்கம் உதைத்துக் கிளப்புகிற கம்பி இருந்ததால் டர்போவை இடது பக்கம் வைத்தார்களாம். கமிட்டியில் நாலு வாரம் பேசி எடுத்த முடிவாம்.

"டிஸைன் ஸ்டேஜ்ல பேஸஞ்சர் வரவே இல்லை, கேட்டியா" என்றார் நிதானமாக.

பேஸஞ்சராம். அக்னி சாட்சியாகக் கைப்பிடித்தவள் அவர் கணக்கில் பேஸஞ்சர், அதுவும் வரவே இல்லை.

"ரெண்டு பக்கமும் கால் போட்டுண்டு உக்காந்தா என்ன?" என்று அவரே ஒரு யோசனை சொல்லி, அவரே குனிந்து குழாயைத் தொடப் போய்க் கையை உதறினார். "இல்லை, இடது கால் வெந்துடும். வலது காலுக்கு ஒரு பாதகமும் இல்லை."

"புடவைல ரெண்டு பக்கமும் காலா? நன்னா இருக்கு!" என்று மூன்றாவது மாடியிலிருந்து மாமியார் பதில் சொன்னார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவர் குரல் எனக்கு ஆதரவாகக் கேட்டது.

"ட்ரையல் முடியறவரைக்கும் பஸ்ல போ. அப்பறம் ஏதாவது பண்ணலாம்" என்று கிளம்பிப் போய்விட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கட்டடமே பார்த்துக்கொண்டிருந்ததால் அதை பஸ் ஸ்டாப் வரை தள்ளிப்போட்டேன்.

பஸ்ஸில் ஒரு நன்மை. டபுள் டெக்கரின் மாடியில் உட்கார்ந்தால் ரோடு முழுவதும் தெரியும். அப்படித்தான் டர்போவின் லட்சணத்தை நான் தினமும் மேலேயிருந்து கண்டேன். அது முறுக்கினவுடன் வராது. புகை சேர்ந்து, சக்கரம் சுற்றி, காற்று திரண்டு, அதற்குப் பிறகுதான் வேகம் வரும். வந்தால் ஒரேயடியாக வரும். எனக்கு இது பழகிய சமாசாரம். அடுக்களையிலிருந்து 'இந்தக் குடத்தை இறக்கி வையுங்கோளேன்' என்றால் அறையிலிருந்து 'ம்' என்று சத்தம் வரும், ஆள் வராது. நானே இறக்கி வைத்து, சிந்தினதைத் துடைத்து, கையை உதறும்போது பாய்ந்து வந்து நிற்பார். அந்த ஆளே வண்டிக்குள் புகுந்துகொண்ட மாதிரி இருந்தது. சிக்னல் விழும், அவர் முறுக்குவார், ஒன்றும் நடக்காது. பின்னால் டாக்ஸிக்காரர்கள் ஹிந்தியில் அவருடைய பரம்பரையை விசாரிப்பார்கள். கொஞ்ச தூரம் போய் முன்னால் தண்ணி லாரி வந்து நிற்கிற நேரமாகப் பார்த்து டர்போவுக்கு வீரம் வரும். வண்டி துள்ளும், அவர் பிரேக்கை மிதிப்பார், வந்த வீரம் அடங்கிவிடும். மறுபடி முதலிலிருந்து. எங்கள் பஸ் நிதானமாக அவரைத் தாண்டிப் போகும். சில நாள் அவருடைய ஆபீஸ் ஸ்டாஃப் பஸ்ஸும் தாண்டிப் போகும்.

சாயங்காலம் வீட்டில் அவரிடம் ஒரு வார்த்தை பேச வழியில்லை. அவரும் பஞ்சுவும் டர்போ, டர்போ, டர்போ. பத்தாம் வகுப்புக் கணக்கை முதல் தடவையாக என்னிடம் கொடுத்திருந்தார்கள். எனக்கு அது பெரிய விஷயம். முன்பானால் சயான் தாண்டியதுமே சொல்லியிருப்பேன், தோளைத் திருப்பாமலே அவர் 'சபாஷ்' என்றிருப்பார். இப்போது அடுக்களையில் சொன்னேன். "அதனால ஆத்துக்கு லேட்டா வருவியோ?" என்று அறையிலிருந்து மாமியார் கேட்டார். என் கணவர் எண்ணெய் அழுத்தத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்.

"நேக்கு அந்த சீட்டு திரும்ப வேணும்" என்றேன் ஒரு நாள், யார் கேட்டால் என்ன என்று சத்தமாகவே.

"ஓபன் ரோட்ல ஒரு ட்ரையல். அதைப் பாத்துட்டுச் சொல்லு, வொர்த் இட்டா இல்லையான்னு."

ஓபன் ரோடு கடற்கழிப் பாலத்துக்கு அந்தப் பக்கம், சான்பாடாவில் இருந்தது. அந்த நாளில் அங்கே ரோடு மட்டும்தான் இருந்தது, வீடு ஒன்றிரண்டுதான் எழும்பிக்கொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை காலை ரெவ்யூ கமிட்டி முழுவதும் மகாதேவனின் பியட்டில் கிளம்பியது. முன்சீட்டை ட்ரையலுக்கான கருவிகள் பிடித்துக்கொள்ள, பின்சீட்டில் பாகீரதியும் நானும் இரண்டு விஞ்ஞானிகளும் நெருக்கியடித்துக்கொண்டு போனோம். கரீம் பாட்சா சம்பந்திபோல் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு டெம்போவில் வந்திருந்தார். என் கணவர் வண்டியோடு காத்திருந்தார்.

கார் முழுதாக நிற்கக்கூட இல்லை. பாகீரதி ஜன்னல் வழியாக வண்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டீ ராஜம், நீ எங்கே உக்காருவே?"

வடை போட்டவளைக் கமிட்டியில் சேர்த்திருந்தால் முதல் சனிக்கிழமையே விஷயம் முடிந்திருக்கும். மகாதேவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

பொய் சொல்லமாட்டேன். அன்றைக்கு அந்த வண்டி போன போக்கு அபாரம். முதலில் சாதாரணமாகப் போனது. பிறகு சீட்டி அடிக்கிற மாதிரி மெல்லிய சத்தம் ஒன்று எழுந்தது, அவ்வளவுதான், யாரோ பின்னாலிருந்து பிடித்துத் தள்ளின மாதிரி பறந்தது. கண்ணுக்கு எட்டின தூரத்தில் ஒரு புள்ளியாகிவிட்டார். பெருமையாகவும் இருந்தது. என்னை ஏற்றிக்கொள்ளாமல் போகிறாரே என்று பொறாமையாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். திரும்பி வந்து நின்றபோது தலைமயிர் நட்டுக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக, பிள்ளை மாதிரி இருந்தார். கமிட்டி கை தட்டியது. "ராக்கெட்டுல்லா!" என்று கரீம் பாட்சா அவரைக் கட்டிக்கொண்டார்.

"இப்போ சொல்லு, வொர்த் இட்டா இல்லையா?"

"ரொம்ப நன்னா இருந்தது" என்றேன். "இந்த ரோட்டைச் சுருட்டிக் கிங்ஸ் சர்க்கிளுக்குக் கொண்டுவந்துடுங்கோ."

கமிட்டி சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. ட்ரையல் வெற்றி என்று தீர்மானம் ஆகிவிட்டது, ஆகவே டர்போ இருந்த இடத்தில் இருக்கும். நான் வந்த இடத்திலேயே நசுங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

அந்த வாரத்தில் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே தாராவிக்குப் போனேன். என் சாமானையாவது திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று. கரீம் பாட்சா பட்டறையில் சுவரோரமாக என் சாரி கார்டு ஆணியில் தொங்கியது. அதன் கம்பிகளுக்குள் டீ கிளாஸ்களை வரிசையாகச் சொருகி வைத்திருந்தார்கள்.

"வாங்கம்மா, வாங்க. ஒங்க சாமான் பத்திரமா இருக்கு, பாத்தீங்கள்ளா" என்றார் சந்தோஷமாக.

பத்திரம்தான். வாசலில் ஒரு லூனா, பெடல் வைத்த சின்ன வண்டி, நின்றது. கரீம் பாட்சா அதில்தான் தாராவிச் சந்துகளில் சாமான் கொண்டுபோய்க் கொடுப்பார் என்று தெரியும்.

"பாய், நீங்க ஏன் இதுக்கு ஒரு டர்போ வெச்சுக்கலை?"

"எனக்கு எதுக்கும்மா?" என்றார், நான் ஏதோ தகாததைச் சொல்லிவிட்ட மாதிரி. "எனக்குச் சோலி கெடக்குல்லா."

இந்தப் பதிலைக் கேட்டு அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். அவருக்கும் என்ன சொன்னோம் என்று புரிந்து காது சிவந்தது. கொஞ்ச நேரம் லேத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸுலயா போறீங்க?" என்று மெதுவாகக் கேட்டார். தலையை ஆட்டினேன். "மச்சான் ஹமீது துபாய்க்குப் போயிட்டான். அவன் லூனா உள்ள சும்மா கெடக்கு. எடுத்துக்கிடுங்க. ஒங்க சீட்டைக் கழத்துனது என் கைதானே."

மாட்டுங்காவில் ஐந்து தோட்டம் என்கிற பூங்காவைச் சுற்றி ஓட்டிப் பழகினேன். பஞ்சு பின்னால் ஓடிவந்தான். பரீட்சைக்குப் படிக்காமலிருக்க அவனுக்கும் ஒரு காரணம் வேண்டியிருந்தது. "பொம்மனாட்டி வண்டி ஓட்டறதாவது" என்று மாமியார் இரண்டு நாள் பேசாமலிருந்தார். மூன்றாம் நாள், "கோவில் வரைக்கும் கொண்டு விடுவியோ?" என்றார். லைசென்ஸ் வந்ததும் கரீம் பாட்சா டீ கிளாஸ்களை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, என் சாரி கார்டையும் புட்ரெஸ்டையும் கொஞ்சம் வெட்டி வளைத்து லூனாவின் இடது பக்கம் மாமியாருக்காகப் பொருத்திக் கொடுத்தார். அபயாம்பாள் என் தோளைப் பிடித்துக்கொண்டு ராணி மாதிரி கோவிலுக்குப் போனார். போகிற வழியெல்லாம் பேசினார். வீட்டில் அந்த அறையில் அவருக்கும் பேச இடமில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

என் கணவர் லூனாவைப் பார்த்தார். "மொபெட்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். கரப்பான்பூச்சி என்று சொல்லுகிற தொனியில்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் இரண்டு வண்டிகள் எங்கள் கட்டடத்திலிருந்து கிளம்பின. அவருடையது இடி முழக்கத்தோடு, என்னுடையது தையல் மிஷின் சத்தத்தோடு. கணவனும் மனைவியும் ஒரே ரோட்டில், ஒரே நேரத்தில், தனித்தனியாக. சயான் சர்க்கிளில் அவர் முறுக்கிக்கொண்டிருக்கும்போது நான் கைவண்டிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் புகுந்து போய்விடுவேன். முதல் நாள் அவரைத் தாண்டியபோது குஷியாக இருந்தது. அப்புறம் குஷியில்லை. சுனாபட்டி சிக்னலில் சிவப்பு விழுந்தால் நின்றுகொண்டு, இப்போது யாரோடு சண்டை போடுவது என்று நினைத்துக்கொள்வேன்.

அன்றைக்கும் அந்த சிக்னலுக்குக் கொஞ்சம் முன்னால்தான். தூரத்திலேயே புகை தெரிந்தது. கூட்டம் கூடியிருந்தது. ரோட்டோரத்தில் முந்நூற்றைம்பது சிசி சாய்ந்து நிற்க, நல்லெண்ணெய் டின் பிளந்து எண்ணெய் ரோட்டில் வழிந்துகொண்டிருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கயிறு அவிழ்ந்து தொங்கியது. டர்போவுக்கு எண்ணெய் போகாமல் சக்கரம் இறுகி, அதோடு எஞ்சினும் இறுகிவிட்டதாம். அவர் ஆபீஸ் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். கையில் ஒரு சிராய்ப்பு, வேறு ஒன்றுமில்லை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

அந்த நேரம் பார்த்து ஸ்டாஃப் பஸ் வந்தது. ஜன்னலில் ரெவ்யூ கமிட்டி அங்கத்தினர்கள் இரண்டு பேர் தெரிந்தார்கள். இவர் கையைக் காட்டினார். அவர்களும் சிரித்த முகத்தோடு கையைக் காட்டினார்கள். ஸ்டாஃப் பஸ் குறித்த இடத்தில்தான் நிற்கும், நடுவில் நிற்க அதற்கும் ஏதாவது கமிட்டி உட்கார வேண்டும். போய்விட்டது.

நான் லூனாவை அவர் பக்கத்தில் நிறுத்தினேன்.

"ஏறுங்கோ."

அவர் லூனாவைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். வண்டியைப் பார்த்துக்கொள்ள எதிர் டீக்கடைக்காரரிடம் ஹிந்தியில் சொல்லிவிட்டு வந்தார். கரீம் பாட்சாவுக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்று முணுமுணுத்தார். டாக்ஸி ஏதாவது வருகிறதா என்று கடைசியாக ஒரு தடவை பார்த்தார். வரவில்லை. ஒரு காலைத் தூக்கிப் பின்சீட்டின் மேல் போட்டுக் குதிரை ஏறுவதுபோல் ஏறினார். வலது கால் அந்தரத்தில் தொங்கியது. தரையைத் தேடியது, சக்கரத்தைத் தேடியது, ஒன்றும் அகப்படவில்லை.

"ராஜம், கால் எங்கே வைக்கறது?"

கேட்டுவிட்டு அவரே வாயை மூடிக்கொண்டார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. எத்தனையோ பதில்கள் நாக்கு நுனி வரைக்கும் வந்தன. கமிட்டி, டிஸைன் ஸ்டேஜ், பேஸஞ்சர், எல்லாம் வந்தன. இத்தனை மாதம் பஸ் மாடியிலும் லூனாவிலும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கூர் தீட்டி வைத்தவை. அவர் கை என் தோளை இறுகப் பற்றியிருந்ததால் அவற்றை எடுக்க மனம் வரவில்லை.

"இடது பக்கம் இருக்கு பாருங்கோ. நேக்கு நீங்க செஞ்சு போட்டதுதான். ரெண்டு காலையும் சேர்த்து வெச்சுக்கணும்."

அவர் இறங்கினார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு காலையும் இடது பக்கம் தொங்கப்போட்டு, டாக்டர் அனந்தகிருஷ்ணன் ஒருக்களித்து உட்கார்ந்தார். கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். பாதங்களைப் புட்ரெஸ்டில் சேர்த்து வைத்துக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

சிக்னலில் சிவப்பு விழுந்தது. நின்றோம்.

"பத்தாம் கிளாஸ் கணக்கு உனக்குக் குடுத்திருக்கான்னு அன்னிக்குச் சொன்னியே" என்றார் என் காதருகில். "எப்படிப் போயிண்டிருக்கு?"

காதில் விழுந்திருக்கிறது. இவ்வளவு நாள் கழித்துத்தான் பதில் வருகிறது, அவருடைய டர்போ மாதிரி. எனக்குக் கோபம் கோபமாக வந்தது, சந்தோஷமும் தாங்கவில்லை. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் முதலில் ஒரு சண்டையை ஆரம்பித்தேன். பச்சை விழுந்தது. பின்னால் டாக்ஸிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள்.

இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு லூனா ஆமை மாதிரி நகர்ந்தது. நான் அதை முறுக்கவே இல்லை.